பிறக்கும்போதே நாலு வயசு

முத்தாயிக்குக் கோபம் வந்தால் கெர்பாவ் ரோட்டில் அடுப்பில்லாமலே தண்ணீர் கொதிக்கும். மூன்று பேர் அதில் தேநீர் போட்டே குடித்திருக்கிறார்கள். 1960இல் புக்கிட் மேராவிலிருந்து மகனோடு அவள் திரும்பிய அன்று, வாளியும் உருகிப்போயிற்று.

மகன் தவமணிக்கு வயசு பதினைந்து. கேட்ட கேள்வியையே பதிலாகத் திருப்பித் தருவான். நாற்காலிகள் கோணலாக இருந்தால் அறைக்குள் வரமாட்டான். மூன்று பள்ளிக்கூடங்கள் அவனைத் துரத்திவிட்டன. முத்தாயி வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைக்கப் போகும் நேரமெல்லாம் அவனை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று புக்கிட் மேராவில் ஒரு வகுப்பு திறந்திருந்தார்கள். மணி பார்க்க, தனியாக பஸ் ஏறக் கற்றுத் தருவார்களாம். பதினாறு நிரம்பாதவர்களுக்கு மட்டும்.

அங்கிருந்த குமாஸ்தா தவமணியின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தார். “பத்தொன்பது ஆச்சேம்மா!”

ஜப்பான்காரன் காலத்தில் கைக்குழந்தைக்கு அரிசிப் பங்கு கிடையாது. அதனால் அந்தத் தெருவில் கைக்குழந்தையே பிறக்கவில்லை. எல்லாம் நாலு வயசோடு, பல்லோடு, ஒன்றிரண்டு மீசையோடும் பிறந்தன. சண்டை முடிந்து பத்திரம் எழுதியபோதும் அந்த வயசே நின்றுவிட்டது.

“அரைப் பங்கு அரிசிடி. அதுலதான உசுரோட இருந்தோம்?” என்றான் புருஷன் வடிவேலு.

“பால்குடிப் புள்ளயா அரிசி தின்னுச்சு? நீ தின்ன. நானும் தின்னேன். வா, வந்து சத்தியம் பண்ணு.”

“பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டா உள்ள தள்ளிருவான் லா!”

“தள்ளட்டும். என் புள்ள தினம் பூட்டுக்குள்ளதான கெடக்கான்? நீயும் கெடந்து பாரு.”

பத்திரத்தில் வயசைத் திருத்த வெளியாள் சாட்சி ஒன்றும் வேண்டும் என்றார்கள் பதிவு ஆபீஸில். எதிர்வீட்டு கோவிந்தசாமி கையெடுத்துக் கும்பிட்டார். “ஏத்திச் சொன்ன அந்த நாலு வயசாலதான் என் மகனுக்குத் துறைமுகத்துல வேலை கெடச்சுது. விட்டுரு தங்கச்சி.” தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. பிரசவம் பார்த்த பதுருன்னிசா மட்டும் வந்தாள்.

“இவன் தலையப் புடிச்சு இழுத்தவ நான். மீசையெல்லாம் இல்லீங்க” என்று அதிகாரியிடம் சொன்னாள். வடிவேலு கைநாட்டு வைத்தான். யாரும் அவனை உள்ளே தள்ளவில்லை. ஆனால் புதுப் பத்திரம் வர ஆறு மாதம் ஆனது. தவமணிக்கு நாலாவது மாதமே பதினாறு நிரம்பிவிட்டது.

“அடடா, இப்ப நிஜமாவே வயசு தாண்டிருச்சேம்மா” என்றார் குமாஸ்தா.

முத்தாயி கத்திய கத்தலில், சாங்கி விமானத் தளத்திலிருந்து மேலே கிளம்பிய விமானம் ஒன்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தரையிறங்கியது. பிறகு வராந்தாவிலிருந்த பெஞ்சை இழுத்து வகுப்பு ஜன்னலுக்கு வெளியே போட்டாள். தவமணி அதைச் சுவரோடு நேராக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். அப்புறம் உட்கார்ந்தான்.

மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும். துவைக்கிற வேலை போயிற்று. “எந்திரிச்சுப் போம்மா” என்று குமாஸ்தா சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் மேஜையிலிருந்த மை கொதித்தது.

நாலாம் நாள், ஆசிரியை அந்தோனியம்மாள் யாரிடமும் ஒன்றும் கேட்காமல், கடிகாரம் வரைந்திருந்த கரும்பலகையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள்.

முத்தாயி கும்பிடவில்லை.

“சின்ன முள்ளு தெரியல டீச்சர்” என்றாள். “பெருசாப் போடுங்க.”