ஆறு பெல்ட்டும் என் கத்திரியும்

என் மகளை வீட்டில் குண்டூசி என்றுதான் கூப்பிடுவோம். ஆள் ஒல்லி, பேச்சு நேர், தப்பாகத் தொட்டால் சுருக்கென்று குத்தும். முப்பது வருடமாகத் தையல் கடை நடத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் தோன்றும், சொல்லுங்கள்.

அவள் பாலைவனப் பள்ளத்தாக்கில் ஜிப் லைன் வேலைக்குச் சேர்ந்தபோது என் நாத்தனார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "படிச்ச பொண்ணைப் போய் கம்பியில தொங்கற வேலைக்கா அனுப்பறீங்க, அண்ணி?"

"தொங்கறது மத்தவங்க. என் பொண்ணு மாட்டி விடறவ. வித்தியாசம் தெரியாம பேசாதே" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அப்போது வித்தியாசம் தெரியாது.

மூன்று வருடம் ஓடிவிட்டது. மேடைப் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனதால், அந்த ஒரு வாரம் பொறுப்பு இவள் தலையில். சனிக்கிழமை முதலாளியே நேரில் வந்து பார்ப்பாராம். பிடித்தால் வேலை இவளுக்கு, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவார். "அம்மா, இந்தச் சனிக்கிழமை மட்டும் தயவுசெஞ்சு வந்துடாதீங்க" என்று போனில் சொன்னாள். அப்படிச் சொன்ன பிறகு நான் போகாமல் இருப்பேனா? நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்.

இடத்தைப் பார்த்ததும் எனக்கே வாயடைத்துப் போயிற்று. இரண்டு பக்கமும் செக்கச் செவேலென்று பாறைச் சுவர். நடுவில் அடியே தெரியாத பள்ளம். அதன் குறுக்கே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் எஃகுக் கம்பி. அக்கரையில் இறங்கியவர்கள் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெரிந்தார்கள். நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தலை சுத்துது, நான் வரல" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

குண்டூசி எங்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "பறக்கறதுன்னா எடை மெஷின்ல ஏறுங்கம்மா" என்றாள்.

ஏறினேன். அவள் என் டிக்கெட்டைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். "இதுல அறுபத்திரண்டுன்னு சொல்லியிருக்கீங்க."

"காலையில சாப்பிடறதுக்கு முன்னாடி அவ்வளவுதான்டீ."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் பேனாவை எடுத்து என் புறங்கையில் எழுபது என்று பெரிசாக எழுதிவிட்டாள். பாவி, ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை. "உள்ள உட்காருங்க, கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனாள்.

உள்ளே என்றால் ஒரு சின்னப் பலகை அறை. சுவரில் எட்டுக் கொக்கி. இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பெல்ட்டுக்கு ஒவ்வொன்று, எண் போட்டு. ஏழும் எட்டும் பறக்கப் போயிருந்தன, மீதி ஆறு இருந்தன. எனக்குப் பாறையும் பள்ளமும் மறந்து போயிற்று, கண் தையலுக்குப் போய்விட்டது. தடி நூல், முன்னும் பின்னுமாக நெருக்கமாக ஓட்டியிருந்தார்கள். அடடா, என்ன தையல்! ஆனால் ஒவ்வொரு பெல்ட்டிலும் தையல் முடிகிற இடத்தில் இரண்டு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

என் கடையில் ஒரு பிசிறு தொங்கினால் அந்தத் துணி மேசையைத் தாண்டாது. முதலாளி வருகிற நாளில் இப்படியா? பார்க்கிற மனுஷன் என் மகளைத் துப்புரவு இல்லாதவள் என்று நினைக்கமாட்டாரா? கை தானாகப் பைக்குள் போயிற்று. நூல் வெட்டுகிற கத்திரி இல்லாமல் நான் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. நறுக், நறுக், நறுக். ஆறையும் ஒட்ட வெட்டி, துண்டு நூல்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

"வந்த இடத்துலயுமா, அண்ணி?" என்றாள் நாத்தனார், வாசல் பெஞ்சிலிருந்து.

"நீ சும்மா இரு. வேலை சுத்தமா இருக்கணும்."

பத்து நிமிடத்தில் முதலாளி வந்தார். நரைத்த தலை, பெரிய தொப்பி, நல்ல உயரம். முதலில் தானே பறந்து பார்ப்பதாகச் சொன்னார். குண்டூசி மூன்றாம் எண் பெல்ட்டை எடுத்தாள். விரல் தையல் ஓரமாக ஓடி, முடிவில் நின்றது. நான்கை எடுத்தாள், ஐந்தை எடுத்தாள். பிறகு ஆறையும் கழற்றித் தரையில் போட்டுவிட்டாள்.

"அந்தப் பக்கம் ஏழும் எட்டும் பத்திரமா இறங்கியாச்சா?" என்று வாக்கி டாக்கியில் கேட்டாள். ஆயிற்று என்று பதில் வந்தது. "சரி. நான் சொல்ற வரைக்கும் லைன் நிறுத்தம்."

கூட வேலை செய்கிறவர்களைப் பார்த்தாள். "காலையில ஆறுலயும் நூல் இருந்துது. நானே அளந்து எழுதியிருக்கேன். யார் தொட்டது?"

அந்தப் பெண்கள் திருதிருவென்று முழித்தார்கள். சொன்னால் முதலாளி முன்னால் என் மகளுக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால் யாரோ ஒருத்தி மேல் பழி. எனக்கு வாய்தான் நீளம், மனசு அவ்வளவு கெட்டதில்லை.

"நான்தான் வெட்டினேன். பிசிறுன்னு நினைச்சேன்" என்று கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினேன்.

அவள் முகம் ஒரு நொடி செத்துப் போயிற்று. "அது பிசிறு இல்லம்மா. உள்ள தையல் கொஞ்சம் நழுவினாலும் அந்த நூல் உள்ள இழுத்துக்கும். தினமும் அதை அளந்து பார்த்துட்டுத்தான் ஆளை மாட்டறோம்."

முப்பது வருடம் நூலோடு வாழ்ந்தவளுக்கு இது தோன்றவில்லையே!

முதலாளி சிரித்துவிட்டார். "இவ்வளவுதானா? அம்மாவே ஒத்துக்கிட்டாங்க, நூலும் கையில இருக்கு. மாட்டும்மா. வெளிய நாற்பது பேர் நிக்கறாங்க."

நானும் பாய்ந்தேன். "ஆமா குண்டூசி, தையல் எல்லாம் ஜோரா இருக்கு. ஒவ்வொண்ணா பார்த்தேன், என் கண்ணு தப்பாது."

"உங்க கண்ணை நான் நம்பறேன்மா. ஆனா ஆளை மாட்ட அது போதாது. இனிமே அளக்கறதுக்கு நூல் இல்ல. ஆறும் சோதனைக்குப் போகணும்."

"நான் சொன்னாலுமா?" என்றார் முதலாளி. இப்போது அவர் சிரிக்கவில்லை.

"நீங்க சொன்னாலும்தான் சார். அறையைப் பூட்டாம விட்டது என் தப்பு. அதையும் நோட்டுல எழுதிடறேன்."

எழுதினாள், அவர் கண் முன்னாலேயே. பயம் வந்தால் அவள் இடது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வாள், நாலு வயதிலிருந்து அப்படித்தான். அன்றும் மடக்கியிருந்தாள். அது தெரிந்தது எனக்கு மட்டும்தான். எழுதுகிற கை கொஞ்சமும் ஆடவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "சாமானைத் தொட்டவங்க அன்னைக்கு மேடையில இருக்கக் கூடாதும்மா. நீங்க கீழ போகணும்."

"நான் இன்னும் பறக்கவே இல்லையேடீ."

"இன்னைக்கு இல்ல."

வெளியே போய் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். "ரெண்டு பெல்ட்தான் இருக்கு. ரொம்ப நேரம் ஆகும். காத்திருக்கறவங்க டோக்கன் வாங்கிக்கோங்க!" கூட்டம் கூச்சல் போட்டது. ஒருவன் வாய்க்கு வந்தபடி திட்டினான். அவள் இறங்கிப் போய் ஏழாம் எண் பெல்ட்டை அளக்க ஆரம்பித்தாள்.

நானும் நாத்தனாரும் படியிறங்கினோம். வேலை போச்சு, என்னால் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன். முதலாளி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார், மெதுவாக நடந்துபோய் டிக்கெட் ஜன்னலில் ஒரு டோக்கன் வாங்கினார், பெஞ்சின் கடைசியில் எல்லோரோடும் போய் உட்கார்ந்தார். வேலைக்கான கடிதம் திங்கட்கிழமைதான் வந்தது. எனக்கு அந்த டோக்கனைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. கண்ணைத் துடைக்க எடுத்த கைக்குட்டையில் ஆறு சிவப்பு நூலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"நல்லா வளர்த்தீங்க போங்க, பெத்த தாயை நாலு பேர் முன்னாடி இப்படியா விரட்டுவா?" என்று நாத்தனார் பொருமினாள்.

நான் பதில் சொல்வதற்குள், குழந்தையோடு மேலே ஏறி வந்த ஒரு பெண் எங்களை நிறுத்தினாள். "ஏங்க, இறங்கி வரீங்க? மூடிட்டாங்களா?"

"மூடல. என்னை மட்டும்தான் வெளிய அனுப்பிட்டாங்க" என்றேன். "அனுப்பினது என் பொண்ணு. நீங்க தைரியமா குழந்தையைக் கூட்டிட்டுப் போங்க."