எடுத்துக் கொடுக்காத வரி

ஒரு குடும்பம் நொடித்துப்போகும் பழைய நாவலை நாடகமாகப் போட்டோம். குழந்தை செத்த அன்று வீட்டில் இல்லாத அப்பனாக என் புருஷன் நடித்தார். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

எங்கள் மகள் ஆஸ்பத்திரியில் கண்மூடிய அன்றும் அவர் ஒத்திகையில்தான் இருந்தார். தொட்டிலைப் பரணில் ஏற்றியது நான். அதைப் பற்றி அவர் இதுவரை வாய் திறந்ததில்லை.

மற்ற வசனமெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "என்னை மன்னிச்சிடு" மட்டும் தினமும் மறந்துபோகும். நான் கிசுகிசுப்பேன்; அவர் மேடை மனைவியிடம் சொல்வார்.

நேற்று நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் என் பக்கம் பார்த்தபடியே நின்றார். நடிப்பென்று நினைத்து அரங்கம் கைதட்டியது.

திரும்பும்போது பேருந்தில் சொன்னார்: "அந்த வரி இல்லாமலே காட்சி நல்லாத்தான் இருக்கு. வெட்டிடலாமா?"

"வெட்டிடுங்க" என்றேன்.