கண்ணாடிக்குள் இருக்கும் கிஸ்லேன்

தன் முகமே தனக்கு வினையாகும் என்று கிஸ்லேன் கனவிலும் நினைக்கவில்லை. பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய அந்த ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவர்களில் பாதிப்பேர் அவளைப் போல ஹெய்ட்டிக்காரிகள். தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்கக் கற்றுத்தர, கணினிக்குள் நடமாடும் ஓர் அவதார் வேண்டும், உங்களில் ஒருத்தி முகமாக இருக்கட்டும் என்று நிர்வாகம் சொன்னபோது எல்லோரும் அவளைத்தான் கைகாட்டினார்கள். கேமரா முன்னால் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு வந்தாள். இனி யார் கண்ணை மறைக்கும் அந்தக் கண்ணாடி ஹெட்செட்டை மாட்டினாலும் கண்முன் ஓர் அறை விரியும், நடுவில் கிஸ்லேன் நிற்பாள்.

"உள்ள இருக்கறவளுக்கு இடுப்பு இருக்குடி. உனக்கு எங்க போச்சு?" என்று மிர்லாந்த் அன்றைக்குக் கிண்டலடித்தாள். அவள் கிஸ்லேனின் மகளுக்கு ஞானத்தாய். பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் 'கொமே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். கூடப்பிறந்தவளைவிட ஒருபடி மேலான உறவு அது.

அவதார் சொல்லித்தந்த முதல் பாடம், கதவில் பச்சை அட்டை தொங்கினால் அந்த அறையைத் தொடாதே என்பது. இன்றைக்குச் சுத்தம் வேண்டாம் என்று அட்டை மாட்டும் விருந்தாளிக்குக் காப்பி இலவசம். ஓசிக் காப்பி என்றால் யார்தான் மாட்டமாட்டார்கள்? பூமி பிழைத்ததோ என்னவோ, இவர்கள் பிழைப்பு போயிற்று.

அறைகள் குறைந்தால், கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவளுக்குத்தான் முதலில் வேலைநாள் வெட்டு. அந்தக் கடைசி ஆள் மிர்லாந்த். இரண்டுபேரும் இந்த ஊருக்கு ஒன்றாகத்தான் வந்தார்கள். கிஸ்லேன் வேலைக்குப் போகட்டும் என்று அவள் மகளை வீட்டில் வைத்து வளர்த்ததால், மிர்லாந்த் பிந்திச் சேர்ந்தாள். இந்த அநியாயத்தை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்ல?

நாளாக நாளாக வாடகைக்கே வழியில்லாமல் போய், புளோரிடாவில் அண்ணன் வீட்டோடு போய்விடுவதென்று மிர்லாந்த் முடிவு செய்தாள். அந்தப் பாடத்துக்கு முகம் கொடுத்த கிஸ்லேனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். ஊர் வழக்கப்படி புத்தாண்டன்று கிஸ்லேன் கொண்டுபோன பூசணிக்காய் சூப்பைக்கூடக் கதவைத் திறந்து வாங்கவில்லை. அவள் ஊரைவிட்டுப் போகும் சேதி கிஸ்லேனுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. காலில் விழுந்தாவது தடுத்துவிட வேண்டும் என்று, சலவைக் கூடத்துக்குப் பக்கத்திலிருந்த பயிற்சி அறைக்கு ஓடினாள்.

உள்ளே மிர்லாந்த் தனியாக நின்றாள், தலையில் ஹெட்செட். கூலி உண்டென்பதால் கடைசிப் பாடத்தையும் விடவில்லை.

"கொமே, நான் போறேன்டி," என்று எதிரே இருந்த வெறுங்காற்றிடம் சொன்னாள். "உம்மேல கோவமில்லன்னா பொய். ஆனா நீ இல்லாம எப்படி இருப்பேன்னு தெரியல."

ஒலிபெருக்கியில் கிஸ்லேனின் குரல் கலகலவென்று கேட்டது. "சபாஷ், கண்ணு! இந்த அறைய அப்படியே விட்டுடு. அடுத்ததுக்குப் போ."

மிர்லாந்த் அழுதுகொண்டே சிரித்தாள். கையை நீட்டிக் காற்றைத் தடவினாள், கன்னத்தைத் தடவுவது போல.

கிஸ்லேன் ஓடிப்போய் அந்தக் கைக்குள் தன் கன்னத்தை வைத்தாள்.

விரல்களில் கண்ணீர் பட்டதும் கை வெடுக்கென்று பின்வாங்கியது.

"யாரது?"

"நான்தான், கொமே. போகாதடி."

மிர்லாந்த் ஹெட்செட்டைக் கழற்றவில்லை.

"தள்ளி நில்லு," என்றாள். "நான் என் கொமேகிட்ட பேசிட்டிருக்கேன்."