ஸ்கில்ட் வேலை

…சொல்லியாயிற்று என்று ரொஷானிடம் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, சொன்னாள்தான், அம்மாவின் குசினியில் நின்று வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொன்னாள்தான், அது அம்மாவின் காதில் வேறாய் விழுந்ததற்கு அவள் என்ன செய்ய, என்று நிரஞ்சலா தனக்குத் தானே வழக்காடிக்கொண்டிருந்தாள், வழக்காடித் தோற்றுக்கொண்டும் இருந்தாள். முன்னால் வெள்ளைத் திரையில் ஓர் அம்புக்குறி. கட்டடக் கலைஞர் சங்கம் வருடா வருடம் நடத்தும் ஒருநாள் வகுப்பு, இந்த முறை ஓகூஸ் நகரில், ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே, பெரிய கட்டடங்களில் ஆட்கள் எப்படி வழி கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் பாடம். பாடத்தைப் பார். உலகத்தில் வேறு பாடமே கிடைக்கவில்லையா? காலையிலிருந்து படிப்பிக்கிற பென்ட என்பவள் வாய்க்கு வாய் ஸ்கில்ட், ஸ்கில்ட் என்கிறாள், நல்ல ஸ்கில்ட், கெட்ட ஸ்கில்ட், ஒருவரும் பாராத ஸ்கில்ட். டேனிஷில் அறிவிப்புப் பலகைக்கும் அதுதான் சொல், கலியாணம் முறிந்தவளுக்கும் அதுதான் சொல், எழுத்தும் ஒன்று சத்தமும் ஒன்று, இந்த நாட்டில் இரண்டுக்கும் ஒரே பலகை போதும் என்று எவன் முடிவெடுத்தானோ. இரண்டு கதிரை தள்ளி ரொஷான் இருந்தான். பனிக்காலத்தில் பதிந்த வகுப்பு இது, அப்போது இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே கணினியில் பதிந்தார்கள், இப்போது ஒருவர் வராவிட்டால் ஏன் என்று சங்கத்தில் நாலு பேர் கேட்பார்கள், அந்த நாலு பேருக்குப் பயந்து இருவருமே வந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு வேறு காரில்தான் வந்தார்கள். ஆனால் நிறுத்துமிடத்தில் அவனுடைய சாம்பல் காரைக் கண்டதும் கை தானாகத் திருப்பி அதன் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டது, இறங்கிய பிறகுதான் கவனித்தாள்.

கேள்வி கேட்பதை ஆள் எங்கே நிறுத்துகிறார் என்று பாருங்கள், என்றாள் பென்ட, அங்கேதான் விஷயம் இருக்கிறது, ஒன்று வழி தெரிந்துவிட்டது, அல்லது கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. எல்லோரும் குனிந்து எழுதினார்கள். நிரஞ்சலாவும் எழுதினாள், எழுதும்போதே மனம் குசினிக்குப் போய்விட்டது. இரண்டு கிழமைக்கு முன், பிராண்டே ஊரில், அம்மா தொட்டிக்குள் நண்டு கழுவிக்கொண்டு நின்றாள். மரியநாயகியின் குசினியில் எதையும் சொல்லலாம், அம்மாவின் முதுகுக்குச் சொல்வது எப்போதும் சுலபம், பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டதையும் அந்த முதுகுக்குத்தான் சொன்னாள். ஆனால் இதற்கு எந்தச் சொல்லை எடுப்பது? விவாகரத்து என்ற சொல்லை அவள் தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை, அது தொலைக்காட்சியில் வருகிற சொல், செய்தி வாசிக்கிறவர்களின் சொல், சோறு தின்கிற தமிழில் அதற்கு இடமில்லை. பிரிஞ்சிட்டம் என்றால்? யார் பிரிஞ்சது, எங்க போனது, எப்ப வாறார் என்று அம்மா கேட்பாள். அதனால் கைக்கு வந்ததை எடுத்தாள். நான் இப்ப ஸ்கில்ட், அம்மா. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள். பிறகு, திரும்பாமலே, ஸ்கில்ட்டோ, ஆஸ்பத்திரிக்கு போர்ட் அடிக்கிற வேலை வந்திருக்கு எண்டனியே, அதுவோ, நல்லதுதானே மகள், என்றாள். நல்லதுதானே. ஓம் அம்மா என்றாள் நிரஞ்சலா. வேறென்ன சொல்வது, நெஞ்சைப் பிளந்து ஒரு சொல்லை வெளியே வைத்தால் அது போர்ட் வேலையாய்ப் போய் நிற்கிறது, ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது, காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தின பிறகுதான் அழுகை வந்தது.

பிராண்டேச் சோடி, நீங்கள் சேர்ந்தே போங்கள், உங்களைப் பிரித்தால் பாவம், என்று பென்ட சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நிரஞ்சலாவும் சிரித்தாள். ரொஷான் பென்சிலை எடுத்தான். பயிற்சி இதுதான், ஒருவர் வாசிக்கத் தெரியாத ஆளைப்போல நடக்க வேண்டும், சிறுநீரகப் பிரிவைத் தேடிப் போக வேண்டும், எழுத்தைப் பார்க்கக் கூடாது. மற்றவர் கொஞ்சம் பின்னால் வர வேண்டும், கட்டடத்தின் வரைபடத்தில் அந்த ஆள் எங்கே நிற்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று புள்ளி போட வேண்டும், வாய் திறக்கக் கூடாது. வழி பிழைத்தாலும் சொல்லக் கூடாது. ஆகா, பதினொரு வருடக் கலியாணத்தை இதைவிடத் திறமாய் ஒருவரும் வரைந்து காட்ட முடியாது, முன்னால் ஒரு குருடி, பின்னால் ஓர் ஊமை, கையில் பென்சில்.

நடந்தாள். நீலத் தரை, பிறகு மஞ்சள் தரை, சக்கரக் கதிரையில் ஒரு கிழவர், கோப்பி மெசின், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை… எழுத்தைப் பார்க்காதே என்றால் கண் எழுத்துக்குத்தான் போகிறது. பின்னால் அவனுடைய சப்பாத்துச் சத்தம், அதைக் கேட்காமல் இருக்கவும் தெரியவில்லை, இடது கால் கொஞ்சம் இழுபடும், ஸ்கீவ ஊரில் சின்ன வயதில் சைக்கிளால் விழுந்தது, கூட்டத்துக்குள்ளும் கண்டுபிடிப்பாள். அவன் காரில்தான் சொன்னான், நெடுஞ்சாலையில், டேனிஷில். சண்டையெல்லாம் அவர்களுக்கு டேனிஷில்தான் வரும், சமாதானம் தமிழில் வரும், அதனால் அவன் டேனிஷில் தொடங்கியபோது சண்டைதானே, இரவைக்குச் சரிவரும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், மடைச்சி. உன்னோடு இருக்கும்போதுதான் நான் ஆகத் தனியாக இருக்கிறேன். இதைச் சொல்லிவிட்டு அவன் கண்ணாடியைப் பார்த்து ஒழுங்காக லொறியை முந்தினான். வேறொருத்தி இருக்கிறாளா என்று கேட்டாள். இல்லை என்றான். இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவளைத் திட்டலாம், மண்ணள்ளித் தூற்றலாம், அம்மாவோடு சேர்ந்து ஒரு பாட்டம் அழலாம், இது யாரைத் திட்டுகிறது? பிள்ளை குட்டி இல்லை, இருவரும் ஓம் என்றார்கள், கணினியில் படிவத்தை நிரப்பி அழுத்தினார்கள், முடிந்தது. பூசை வைத்துப் பாட்டுப் பாடிக் கட்டியது, பாண் வாங்குகிற நேரத்துக்குள் அவிழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் முன்வாங்கில் இருக்கிற அம்மாவிடம் இதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது.

திங்கட்கிழமை அவன் கோப்பன்ஹேகனுக்குக் குடிபோகிறான். போவதற்கு முன் மாமியை ஒருக்கால் பார்க்க வேண்டும், சொல்லாமல் போனால் மனச்சாட்சி விடாது, என்று காலையில் கோப்பி வரிசையில் வைத்து மெல்லக் கேட்டான், நீ சொல்லிட்டாய்தானே நிரா? ஓம் என்றாள். சொல்லவில்லை என்றால் ஞாயிறு அவன் போய் வாசலில் நிற்பான், அம்மா வாங்கோ மருமோன் என்று கதிரையை இழுத்துப் போடுவாள், பெரிய நண்டுக் காலை அவனுடைய தட்டில் வைப்பாள், அவன் வாயைத் திறந்து… ஐயோ, அது மட்டும் நடக்கக் கூடாது. தன் பிள்ளையின் வாழ்க்கை போனதை மருமகனின் வாயால் அம்மா கேட்கக் கூடாது. அவள்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு, அவ்வளவுதான் இருக்கிறது. எந்தச் சொல்லால்?

நடை நாலு பக்கமும் பிரிகிற இடம் வந்தது. நின்றாள். பின்னால் சப்பாத்துச் சத்தமும் நின்றது, பென்சில் காகிதத்தில் ஒரு புள்ளி போட்டது. அப்போது கைத்தொலைபேசி அடித்தது. அம்மா. எடுக்காமல் விடலாம், எடுத்தாள். இதுதான் இடம், இப்போதே சொல்லிவிடு, அவனும் கேட்கட்டும், ஒரே அடியில் முடியட்டும்.

"மகள், வேலையோ?"

"ஓம் அம்மா. படிப்பு ஒண்டுக்கு வந்தனான். ஓகூஸில."

"ஞாயிறு பூசை முடிய வா என்ன. நண்டு சொல்லி வெச்சிருக்கன். கனக்க இல்ல, சின்னச் சட்டியில ஆக்கிறன்."

"அம்மா…"

"என்ன புள்ள?"

தொண்டை வரை வந்தது. ஒரு தாதி கட்டிலைத் தள்ளிக்கொண்டு கடந்தாள், நிரஞ்சலா சுவரோடு ஒதுங்கினாள், அந்த ஒதுங்கலில் வந்தது திரும்பிப் போய்விட்டது. "ஒண்டுமில்லம்மா. இந்த ஸ்கில்ட் வேலைதான். தலையிடி."

 அம்மா மூச்சுவிட்டது கேட்டது. "ஓம் மகள். அது கஷ்டமான வேலைதான்," என்றாள் மரியநாயகி, "சாப்பிடாமக் கிடக்காத. கவனமாக் கார் ஓடி வா."

வைத்துவிட்டாள். நிரஞ்சலா தொலைபேசியைக் கையில் வைத்தபடி நின்றாள், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை, உண்மையாகவே தெரியவில்லை, நடிக்கத் தேவையிருக்கவில்லை. அப்போதுதான் ரொஷான் சட்டத்தை மீறினான். கிட்ட வரவில்லை, நின்ற இடத்திலேயே நின்று, தமிழில் கேட்டான்.

"அம்மா என்னைக் கேட்டவவோ?"

கேட்டவவோ? இல்லை. கேட்கவில்லை. இந்தப் பதினொரு வருடமும் அம்மாவின் எந்தத் தொலைபேசியும் மருமோன் சாப்பிட்டாரோ என்று தொடங்காமல் இருந்ததில்லை, மகள் பட்டினி கிடந்தாலும் மருமோன் சாப்பிட்டாக வேண்டும், அதற்காக எத்தனை தரம் அம்மாவோடு கொழுவியிருப்பாள். இன்று கேட்கவில்லை. புதன்கிழமை கேட்டாளா? போன ஞாயிறு? அந்த நண்டுத் தொட்டிக்குப் பிறகு ஒரு தரமாவது…? ரெண்டு பேரும் வாங்கோ என்கிறவள், வா என்றாள். சின்னச் சட்டி என்றாள். பெரிய சட்டியை இறக்காமல் அம்மா ஞாயிறு சமைத்தது எப்போது? இருபது வருடத்துக்கு மேல் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள், இடைவேளை அறையில் கோப்பி குடிக்கிற பெண்களில் பாதிப் பேர் ஸ்கில்ட், இவளும் பாவம் ஸ்கில்ட்டாம் என்று வந்து சொல்லுகிறவள், அந்தச் சொல் அம்மாவுக்குத் தெரியாமலா? அன்றைக்கு ஏன் குழாயைத் திறந்தாள்? போர்ட் என்றது காது பிழைத்தா, இல்லை, பிள்ளை இதை இரண்டாம் தரம் சொல்லக் கூடாது என்று நினைத்தா, இல்லை, தனக்கே கேட்க ஏலாது என்றா? கஷ்டமான வேலைதான் என்றாளே, எந்த வேலையைச் சொன்னாள்? 

ரொஷான் பார்த்துக்கொண்டே நின்றான். பென்சில் காதில் செருகியிருந்தது. ஓகூஸ் கட்டடக் கல்லூரியில் படித்த காலத்திலும் அப்படித்தான் செருகுவான். அவன் கேட்டதுக்கு இல்லை என்று சொன்னால் இந்த மனிதன் இங்கேயே உடைந்துபோவான் என்று அவளுக்குத் தெரிந்தது, உடையட்டுமே, உடைத்தவன்தானே என்றும் ஒரு மனம் சொன்னது.

"ஓம்," என்றாள். "மருமோன் சாப்பிட்டாரோ எண்டு கேட்டவ."

அவன் தலையாட்டினான். பென்சிலை எடுத்து வரைபடத்தைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், புள்ளி போடவில்லை. நிரஞ்சலா இடப்பக்க நடைக்குள் திரும்பினாள், அது பிழையான பக்கமாக இருக்கலாம், மேலே தொங்கிய பலகையைப் பார்க்கவில்லை, சின்னச் சட்டி என்றால் எத்தனை நண்டு பிடிக்கும் என்று யோசித்தபடி போனாள், கொஞ்சம் கழித்துப் பின்னால் இழுபடும் அந்தக் காலின் சத்தமும் வந்தது.