பெட்டிகள் வந்த வழி

“முன்கதவைத் திறங்க. எங்கப்பாவ அந்த வழியாத்தான் எடுத்துட்டுப் போகணும்.”

அம்மா மகளின் முழங்கையைக் கிள்ளி, பிடித்த பிடியை விடவில்லை. ஆட்டோவில் வரும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். என்ன வேணா கேளு, முன்வாசல்னு மட்டும் வாயைத் திறக்காதே, உங்க சித்தப்பா இன்னும் இந்தத் தெருவுல பொழைக்கணும். வேலையாட்களுக்கு இங்கே எல்லா வீட்டிலும் பின்கதவுதான். அப்பா ஒரு நாளும் அதை மீறியதில்லை.

வீட்டுக்காரம்மா கெட்டவள் இல்லை. அழுது மூக்கு சிவந்திருந்தது. “பின்பக்கம் வழி இருக்கேம்மா. இப்போ விருந்துக்கு ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்க. எல்லாருக்கும் சொல்லி நிறுத்தக்கூட நேரமில்ல.”

“அந்தத் திருப்பத்துல ஸ்ட்ரெச்சர் திரும்பாதுங்க,” என்றார் ஆம்புலன்ஸ்காரர். “ஆளை நிமித்தித்தான் எடுக்கணும்.”

“கேபினெட் எல்லாம் அப்படித்தான வந்துச்சு.” சொன்ன பிறகுதான் அது வீட்டுக்காரம்மாவின் காதிலேயே விழுந்தது போல. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா சாப்பாட்டு அறையின் ஓரத்தில் கிடந்தார். தரை அழுக்காகக் கூடாதென்று, கேபினெட் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். தோளுக்குப் பக்கத்தில், மேல்நோக்கிய அம்புக்குறியும் ஒரு கண்ணாடிக் கோப்பையும் அட்டையில் அச்சாகியிருந்தன. அவருக்குப் பின்னால் அவருடைய கடைசி வேலை நின்றது. சமையலறைக்கென்று கடையில் விற்கும் மூன்று ரெடிமேட் கேபினெட்டைச் சேர்த்து முடுக்கி, மேலே ஒரே பலகை போட்டு, விருந்தாளிகளுக்கு ஒயின் ஊற்றிக் கொடுக்க ஒரு மேடை. நடுவில் குட்டி ஃபிரிட்ஜ், அதன் முதுகுக்குக் காற்றுப்போக நாலு விரல் இடம். சுவர் அலமாரியின் அடியில் கோப்பைகளைத் தலைகீழாகத் தொங்கவிடக் கம்பிகள்.

ரெடிமேட் என்றாலே அப்பாவுக்கு இளக்காரம். “பொறக்கும்போதே சட்டை போட்டுக்கிட்டு வந்த புள்ளைங்க. நம்ம சுவரு கோணல்னு அதுங்களுக்கு யாரு சொல்றது?” என்பார். சொன்னபடியே மரச்சில்லு சீவிச் சொருகி, மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். கடைசிக் கம்பியை மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எதிர்வீட்டு டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, மெதுவாகக் கீழே வைத்தாராம்.

சித்தப்பா மட்டும் மண்டிபோட்டு ஒரு கதவின் கீலை முடுக்கிக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா, விடுங்க.”

“ரெண்டே ஸ்க்ரூதான் பாப்பா. கதவு தொங்குது. பாதியில விட்டுட்டு வந்தா அண்ணன் திட்டும்.” எழுந்து ரசமட்டத்தைப் பலகைமேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை பார்த்தார். பலகையில் கண்ணீர் சொட்டியது. பாலிஷில் கறை விழுமென்று சட்டைக்கையால் அவசரமாகத் துடைத்தார்.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் போனோடு இறங்கி வந்தார். அவளுடைய ஆபீஸ் மேனேஜர். அவளைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“நீயா? உன்னை யாரு அனுப்புனா?”

“எங்கப்பா சார்.”

“உங்கப்பா இன்டீரியர் கம்பெனி வச்சிருக்கார்னுதானே சொன்ன?”

“பொய் சொன்னேன்.”

போன வாரம் கையெழுத்து வாங்க இந்த வீட்டுக்கு அவள் ஃபைலோடு வந்திருந்தாள், முன்வாசல் வழியாக. சாப்பாட்டு அறையில் வழியை மறித்து அப்பா அளவு டேப்பைப் பிடித்துக் குனிந்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “கொஞ்சம் நகருங்க.”

“சரிங்க மேடம்,” என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு அப்பா சுவரோடு ஒட்டி நின்றார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்கு மழை வரும்போல என்றார்.

மேனேஜருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. “அன்னைக்கு இவரைத்தான நீ...”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “என்னடி?”

“இதே இடத்துலம்மா. அப்பாவ, யாருன்னே தெரியாத மாதிரி, நகரச் சொன்னேன்.”

முழங்கையைப் பிடித்திருந்த கை விலகியது. திட்டியிருந்தால், ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அம்மா போய் அட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

“கதவைத் திறங்க சார்,” என்றாள் அவள்.

அவரே போய் இரண்டு கதவையும் அகலத் திறந்தார். ஆம்புலன்ஸ்காரரும் சித்தப்பாவும் தூக்கினார்கள். அம்மா பின்னால் போனாள். மேனேஜர் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “பத்து நாள் லீவு எடுத்துக்க. ஆபீஸ்ல இது யாருக்கும் தெரிய வேணாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்.”

“நான் இனிமே வரல சார்.”

“துக்கத்துல எதுவும் முடிவு பண்ணாதம்மா.”

கதவு திறப்பதற்கு முன்பே அவள் மனதில் முடிவாகிப்போன விஷயம் அது. அவள் படியிறங்கினாள். சீக்கிரமே வந்துவிட்ட விருந்தாளி ஒருவர், ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டு ரோஜாச் செடியோரம் ஒதுங்கி நின்றிருந்தார். கையில் ரிப்பன் கட்டிய பாட்டில். அவள் கடக்கும்போது அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.