மிச்சமிருந்த மஞ்சள் முக்கோணம்

சத்தம் மட்டும் வராமலே இருந்துவிட்டால் நல்லது. வந்துவிட்டால், கேட்பதற்கு எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோகும்.

இளமதி லேப்டாப்பைக் கவிழ்த்துப் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தாள். மாடல் எண் பாதி தேய்ந்திருந்தது. அவள் கணவன் பார்த்திபன் எப்போதும் மடியில் வைத்துத்தான் வேலை பார்ப்பான். தேயாமல் என்ன செய்யும். மிஞ்சிய எழுத்துகளைக் கொண்டு செல்போனில் தேடித்தேடி, காலையிலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் டிரைவர் மென்பொருளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள்.

நேற்று கொழுந்தன் ஜெகன் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தான். போட்டதும் டச்பேடு நகரவில்லை, வைஃபை இல்லை, சத்தம் இல்லை. பாகங்களின் பட்டியலில், ஓடாதவற்றுக்குப் பக்கத்தில் மூன்று மஞ்சள் முக்கோணங்கள். இரண்டை இவள் போக்கிவிட்டாள்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தான். வெள்ளிக்கிழமை வந்தால் பார்த்திபன் போய் ஒரு வருஷம். மாமியார் அஞ்சம்மாள் மகனின் குரலைக் கேட்க வேண்டும் என்றாள். லேப்டாப்போ திறக்கவே அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு, பாதியில் நின்றுபோனது.

குரல் என்றால், சூப்பர்வைசர் இன்டர்வியூவுக்காக அவன் பேசிப் பார்த்துப் பதிந்தது. "மை நேம் இஸ் பார்த்திபன், ஐ ஆம் ஃப்ரம் கும்மிடிப்பூண்டி." பதினோரு தடவை. ஏழாவதில் இவள் சிரித்துவிட்டாள். "இன்னாடி சிரிப்பு, நீ வந்து பேசு பாக்கலாம்" என்று அவன் சொன்னதும் அதில் இருந்தது. ஒரு வருஷமாக இவள் அதைத் தொடவில்லை. தாங்குகிற நாள் ஒன்று வரும், அன்றைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள்.

"இன்னா இன்ஜினியரம்மா, ஆச்சா?" ஜெகன் யூனிபார்ம் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி வந்தான். தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ் ஒன்றரைக்கு வரும்.

"வைஃபை வந்துடுச்சி."

"நான் சி டிரைவ மட்டுந்தான் அழிச்சேன் அண்ணி. டி-யில கையே வெக்கல. அண்ணனோடது எல்லாம் பத்திரமா கீது."

டி-யை இவள் காலையிலேயே திறந்து பார்த்துவிட்டாள். கல்யாண போட்டோக்கள், சம்பளச் சீட்டுகள், பாதியில் நின்ற ஒரு தெலுங்குப் படம். குரல் இல்லை. அதை அவன் டெஸ்க்டாப்பில்தான் போட்டு வைத்திருந்தான், கண்ணெதிரே இருக்கட்டும் என்று. சி அழிந்தால் டெஸ்க்டாப்பும் கூடவே அழியும் என்பது ஜெகனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றவன். தெரிந்தால், 'நானா அழிச்சேன்' என்று ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருப்பான்.

"பேசுறானா?" சுவரில் சாய்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்த அஞ்சம்மாள் கேட்டாள்.

"இன்னும் இல்ல அத்த."

"நிதானமா பண்ணு. ஒரு வருசம் பொறுத்துக்கினேன். எனுக்கு அந்த இங்கிலீசு ஒண்ணும் புரியாது, கொரலு கேட்டா போதும்."

"உனுக்கு தமிழ்ல திட்டுனாதான் புரியும்" என்றான் ஜெகன்.

"அவன் என்னிக்கிடா திட்டுனான். நீதான் திட்டுவ."

சவுண்டு டிரைவர் இறங்கி முடிந்தது. நிறுவவா, வேண்டாமா என்று திரையில் சின்னதாக ஒரு கேள்வி. ஜெகன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அஞ்சம்மாள் முறத்தை ஒதுக்கிவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இது ஒண்ணுதான பாக்கி. தட்டுங்க அண்ணி. பஸ்ஸு வர்றதுக்குள்ள நானும் ஒரு தபா கேட்டுட்டுப் போறேன்."

இளமதியின் விரல் என்டரின் மேல் இருந்தது. இந்த வீட்டில் இரண்டு பேருக்கு அவன் இன்னும் உள்ளே இருக்கிறான், சத்தம்தான் வரவில்லை. தனக்கு மட்டும் இன்று காலை அவன் மறுபடியும் செத்துப்போனான். அது தன்னோடு நிற்கட்டும்.

விரலை எடுத்து, மெல்ல மூடியைச் சாய்த்தாள்.

"வேணாம் ஜெகன்," என்றாள். "இருக்கட்டும்."