தெற்கு ஜன்னலுக்கு ஒரு சாம்பல் திரை

ரெயிண்டர் பூன்ஸ்ட்ராவின் வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் உட்கார்ந்தால் சுவரில் மூன்று நிழல் விழும். 1971 நவம்பரில் தொடங்கியது இது. வாரத்தின் மற்ற ஆறு நாட்களும் அதே வெயில் அதே தெற்கு ஜன்னல் வழியாக வந்து ஒழுங்காக இரண்டு நிழலைத்தான் போட்டது. மூன்றாவது நிழல் ரெயிண்டரின் மகன் யெல்லேயுடையது. அந்த மாதம் ஏழாம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் குதிருக்குள் மக்காச்சோளத்தில் புதைந்து அவன் இறந்தபோது வயது பத்தொன்பது. தலையில் தொப்பி இருந்தது, நிழலிலும் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு நெஞ்சுவரை தெரிவான். மேசையின் நிழல் அசையாமல் இருக்க, அவன் மட்டும் அதற்குள் இறங்கிக்கொண்டே போவான். ஒரு மணிக்குத் தோள், ஒன்றேகாலுக்குக் கழுத்து, ஒன்றரைக்கு வெறும் தொப்பி. கடைசியாக ஒரு கை மட்டும் சுவரில் கொஞ்ச நேரம் நின்று அதுவும் போகும். கை போன பிறகுதான் அவன் அம்மா ஃபென்னா எழுந்து தட்டுகளை எடுப்பாள்.

இதை ஊரே பார்த்தது. ஏனென்றால் எங்கள் ஊரில் ஜன்னலுக்குத் திரை போடும் வழக்கமில்லை. ஹாலந்திலிருந்து கப்பலேறி அயோவாவுக்கு வந்த எங்கள் பாட்டன்மார் கோட்டுப் பையில் வேதாகமத்தையும் பெப்பர்மின்ட் மிட்டாயையும் கொண்டுவந்தார்களே தவிர, திரைத்துணி ஒரு முழம்கூடக் கொண்டுவரவில்லை. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை, ஜன்னலில் திரையுமில்லை. யாராவது திரை போட்டால் உள்ளே குடி நடக்கிறது, அல்லது சீட்டாட்டம் நடக்கிறது என்று அர்த்தம். மூன்றாவதாக ஒரு காரணத்தை யோசிக்கும் அளவுக்கு எங்களுக்குக் கற்பனை போதாது. சுற்றியுள்ள நான்கு மாவட்டங்களுக்கும் திரை தைத்து விற்ற மாய்கே எங்கள் ஊர்க்காரிதான், ஆனால் சொந்த ஊரில் அவள் ஒரு திரை வளையம்கூட விற்றதில்லை. அவள் வீட்டு ஜன்னலே மொட்டையாகத்தான் இருந்தது. பூன்ஸ்ட்ராக்களின் வீடு ஊர் முடிந்து சோளக்காடு தொடங்கும் இடத்தில், தேவாலயத்துக்குப் போகும் சாலையை ஒட்டி இருந்தது. பிற்பகல் ஆராதனைக்குக் காரில் போகிறவர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, தொப்பி தெரிகிறதா, கை தெரிகிறதா என்று பார்த்து, நேரமாகிவிட்டதா இல்லையா என்று தெரிந்துகொண்டார்கள்.

நிழல் யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை. ஓய்வுநாளில் வேலை செய்யப்போய்ச் செத்தான் என்பதுதான் பெரிய விஷயம். மத்தியானச் சாப்பாடு முடிந்து தான் தூங்கிக்கொண்டிருந்ததாகவும், பையன் யாரையும் கேட்காமல் குதிருக்குப் போனதாகவும் ரெயிண்டர் சொல்லியிருந்தார். அடக்க ஆராதனையில் போதகர், பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைச் சொல்லும் நான்காம் கற்பனையைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார். அதன் பிறகு ஊரில் எந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தொட்டாலும் அதன் தாய், "யெல்லே கதிதான் ஆகும் உனக்கு, பாத்துக்கோ" என்றாள். ஃபென்னா இதை மளிகைக்கடையில் கேட்டிருக்கிறாள், தபால் ஆபீசில் கேட்டிருக்கிறாள், ஒருமுறை தன் சொந்தத் தங்கை வாயிலேயே கேட்டாள். பிள்ளையை மண்ணில் போட்டது ஒரு தடவை. அவன் பேரை ஆறு வருடமாக வாராவாரம் போட்டு மிதித்தார்கள். அவளால் மறுத்துப் பேச முடியவில்லை, மறுக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

ரெயிண்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறன்று தொண்டையில் அடைத்த கவளம் புதன்கிழமைவரை அங்கேயே நிற்கும். வியாழனும் வெள்ளியும்தான் அவர் சாப்பிட்ட நாட்கள். சனிக்கிழமை, நாளைக்கு ஞாயிறு என்ற நினைப்பே போதும். மேசையை வேறு மூலைக்கு நகர்த்திப் பார்த்தார்கள். நிழல் பழைய இடத்திலேயே, எதிரில் மேசைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது. ஃபென்னா மறுநாளே மேசையைத் திரும்ப இழுத்துப் போட்டாள். சமையலறையில் நின்றபடி சாப்பிட்டுப் பார்த்தார், முதுகுக்குப் பின்னால் எத்தனை மணி என்று அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. மேகமூட்டமான ஞாயிறுகளில் மட்டும் நிழல் வராது. அன்றைக்கு மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் இரண்டு தட்டு சாப்பிடுவார். அறுவடைக் காலத்தில் ஊர் முழுக்க வெயிலுக்காக ஜெபம் செய்தபோது அவர் ஒருவர் மட்டும் எதிர்த்து ஜெபம் செய்தார் என்று பிற்பாடு தெரியவந்தது. 1977 இலையுதிர்காலத்தில் கோட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் ஃபென்னாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று சாயங்காலம் அவள் மாய்கேக்குப் போன் செய்தாள்.

"கர்ட்டன் வேணும். ஆனா என் பையன் போயிடக்கூடாது. அப்படி ஒண்ணு இருக்கா உன்கிட்ட?"

"இருக்கான்னு தெரியலக்கா. வெயில் தாங்கும், தூசி தாங்கும்னு சொல்லித்தான் வித்திருக்கேன். ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணா மாட்டிப் பாப்போம்."

மாய்கேயின் வியாபார முறை அதுதான். கடையில் பார்த்த துணி வேறு, வீட்டு வெளிச்சத்தில் பார்க்கும் துணி வேறு என்பாள். மாதிரியை ஒரு வாரம் தொங்கவிட்டுத்தான் முடிவு கேட்பாள். முதல் வாரம் வெள்ளைச் சல்லாத்துணி. நிழல் வெளுத்தது, ஆனால் இறங்குவது மந்தமாகிவிட்டது. மூன்று மணிக்கும் தோள் வெளியே தெரிந்தது. ரெயிண்டர் ஒன்றரை மணியோடு முடியும் அவஸ்தையைச் சூரியன் மறையும்வரை பட்டார். இரண்டாவது வாரம் அலுமினியப் பட்டைகளைக் கோத்த திரை. பட்டைகளுக்கு நடுவே வந்த மஞ்சள் வெயில் நிழலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டது. ஃபென்னா அதைப் பார்த்த மாத்திரத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, கயிற்றோடு பிடுங்கினாள். மாய்கே வந்து வளைந்த பட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், மூன்றாவதைக் கொண்டுவந்தாள். உள்துணி வைத்துத் தைத்த கனத்த பழுப்புத் திரை, ஊசி முனை வெளிச்சம்கூட விடாதது. "இதுல பையன் தெரியமாட்டான்கா" என்று முன்கூட்டியே சொன்னாள். "ஒரு வாரம் பாப்போம். மனுசன் சாப்பிடறாரான்னு தெரியணும்" என்றாள் ஃபென்னா.

அந்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்குத் திரையை இழுத்து மூடினார்கள். பன்னிரண்டேகாலுக்குள் பதினோரு பேர் போன் செய்து உள்ளே குடியா, சீட்டாட்டமா என்று கேட்டார்கள். பிறகு போன் ஓய்ந்தது. இருட்டில் கணவனும் மனைவியும் தடவித் தடவி உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டார்கள். நிழல் இல்லை. அதற்குப் பதிலாகச் சத்தம் வந்தது. உலர்ந்த சோளம் சரிகிற சத்தம், முதலில் பிடி பிடியாக, பிறகு கூடை கூடையாக, சுவரின் அந்த இடத்திலிருந்து. ஒரு மணி ஆனது. ஒன்றேகால் ஆனது. ரெயிண்டர் தட்டைத் தள்ளி வைப்பது ஃபென்னாவுக்குக் கேட்டது.

"அன்னிக்கு நான் தூங்கலே" என்றார் அவர்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சோளம் ஈரம். சூடேறி மேல பொருக்குக் கட்டியிருந்துச்சு. திங்கக்கிழமை வரைக்கும் விட்டா மொத்தமும் கெட்டுரும்னு நான்தான் அனுப்பினேன். 'இன்னிக்கு ஞாயிறாச்சேப்பா'ன்னான். 'ஊரே தூங்குது, யாரு பாக்கப்போறா, உள்ள இறங்கிக் குத்திவிட்டுட்டு வா'ன்னேன். தடியை எடுத்துக் குடுத்ததே நான்தான் ஃபென்னா."

சோளம் சரிந்துகொண்டிருந்தது. ஃபென்னா எழுந்து, மேசையின் விளிம்பைப் பிடித்தபடியே நடந்துபோய், திரையை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. சுவரில் யெல்லே கழுத்துவரை இருந்தான். சாலையில் ஆராதனைக்குப் போகும் முதல் கார் வேகத்தைக் குறைத்தது.

"இப்ப சொல்லு. இருட்டுல சொன்னதை அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

அவர் சொன்னார். இரண்டாம் முறையும் சொல்லவைத்தாள். பிறகு அவருடைய கோட்டை எடுத்துக் கொடுத்தாள். "எனக்குச் சொன்னா ஆச்சா? ஆறு வருசமா ஊரு பூரா எம்புள்ளையைத் திருடன் மாதிரி பேசுது. நீ அதைக் கேட்டுக்கிட்டே பக்கத்துல நின்னே. போ, சபை மூப்பர்கிட்டப் போ."

மூப்பர் டௌமா தேவாலய வாசலில் அதைக் கேட்டு, வாயிலிருந்த பெப்பர்மின்ட்டைக் கடித்துவிட்டார். மூப்பர்கள் மூன்று முறை கூடினார்கள். ரெயிண்டர் ஒரு வருடம், சபையார் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் பங்கெடுக்கக்கூடாது என்று தீர்மானமாயிற்று. டிசம்பர் முதல் ஞாயிறு, அடக்க ஆராதனை செய்த அதே போதகர் பிரசங்க பீடத்தில் ஏறி, யெல்லே பூன்ஸ்ட்ரா நான்காம் கற்பனையைத் துணிந்து மீறியவன் அல்ல, ஐந்தாவதுக்குக் கீழ்ப்படிந்து தகப்பன் சொல் கேட்டவன், அவனைப் பற்றித் தான் பேசியது தவறு என்று காகிதத்தைப் பார்த்து வாசித்தார். பிள்ளைகளை மிரட்டிய தாய்மார்கள் தலையைக் குனிந்து கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபென்னா அழுதாள்; சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது நிழல் வந்தது, நெஞ்சுவரை. ஒரு மணிக்கும் நெஞ்சுவரை. இரண்டு மணிக்கும் அப்படியே. சூரியன் இறங்கும்வரை முழுசாக உட்கார்ந்திருந்துவிட்டு, மற்ற நிழல்களோடு சேர்ந்து ஒழுங்காகப் போனது. அன்றிலிருந்து அது மூழ்கவில்லை.

ரெயிண்டருக்கு மட்டும் சாப்பாடு இன்னும் இறங்கவில்லை. மூழ்கும் மகனைப் பார்ப்பதைவிட முழு மகனுக்கு எதிரில் உட்காருவது சிரமமாக இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஃபென்னா அவரோடு பேசியது, கதவைச் சாத்து, பால் தீர்ந்துவிட்டது, இந்த அளவுதான். ஊரில் பாதிப் பேர் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள் என்று சொன்னார்கள். மார்ச்சில் அவள் மறுபடி மாய்கேயைக் கூப்பிட்டாள். மாய்கே மேசை நிறைய மாதிரித் துணிகளைப் பரப்பினாள். மஞ்சளை ஃபென்னா தொடவே இல்லை. சிவப்பு ஆளைக் காய்ச்சல்காரன் மாதிரி காட்டும் என்றாள். பூப்போட்டது வேண்டாம், சாப்பிடுகிற இடத்தில் என்னத்துக்குப் பூ. கடைசியில், ஈர மேகத்தின் நிறத்தில் ஒரு சாம்பல் துணியை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அந்த ஜன்னலுக்கு மூன்று கண்ணாடி. இடது கண்ணாடிக்கு மட்டும் தைக்கச் சொன்னாள், அதன் நேர்தான் ரெயிண்டரின் நாற்காலி.

"மன்னிச்சிட்டியாக்கா?"

"அது எனக்கே தெரியல. மேகம் போட்டா அந்த மனுசன் சாப்பிடறாரு. அளவு எடு."

இப்படித்தான் எங்கள் ஊருக்கு முதல் திரை வந்தது. உள்ளே என்ன மறைக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மறைக்க மிச்சம் எதுவும் இல்லை என்பது பிரசங்க பீடத்திலிருந்தே சொல்லப்பட்டாயிற்று. ரெயிண்டர் அந்தச் சாம்பல் நிழலில், மகன் வெயிலில், ஃபென்னா நடுவில். முதல் ஞாயிறு அரை உருளைக்கிழங்கு சாப்பிட்டார். மே மாதத்துக்குள் குழம்பு கேட்டார். பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பழைய அளவுக்கு வரவே இல்லை. திரைக்கு அப்பால் கையை நீட்டி வெயிலில் இருக்கும் தட்டை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை, ஃபென்னாதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒன்பது வருடம் அப்படிச் சாப்பிட்டு, 1987 பிப்ரவரியில், நல்ல உடம்போடு, தூக்கத்தில் செத்தார்.

அடக்கம் முடிந்த ஞாயிறு ஃபென்னா பழக்கதோஷத்தில் அவருக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டாள். சாப்பிட்டு முடித்துப் பார்த்தபோது அது காலியாக இருந்தது, குழம்பு ரொட்டியால் வழிக்கப்பட்டிருந்தது. அவர் நாற்காலிக்கு நேரே சுவரில் நிழல் விழுகிறதா என்று திரையை விலக்கிப் பார்க்க அவள் கை போனது, பிறகு திரும்பிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவருக்கும் சேர்த்துக் கிழங்கு உரித்தாள். இரண்டு வருடம் கழித்து, வெயிலில் துணி நைந்திருக்கும், புதுசு தைக்கலாமா என்று கேட்க மாய்கே வந்தாள். அதே துணி, அதே நீளம் என்று ஃபென்னா சொல்லிவிட்டுக் காபி ஊற்றினாள். ரெயிண்டர் இப்போதும் சரியாகச் சாப்பிடுகிறாரா என்று மாய்கே விசாரித்தாள்.

"நல்லா சாப்பிடறாரு. முட்டைக்கோஸ் மட்டும்தான் மிச்சம் வைக்கறாரு. அது எப்பவுமே ஆகாது அவருக்கு."